புள்ள எங்கிட்ட

இன்னும் கொஞ்ச நேரம். விடிந்துவிட்டால் இந்த நாற்காலி என்னுடையதல்ல. இந்த மூச்சுச் சத்தமும் என்னுடையதல்ல.

ஆர்டித் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நினைத்தாள், அவ்வளவுதான். நினைத்ததில் நிம்மதி கலந்திருந்ததா, வருத்தம் கலந்திருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. எதிரே, சமையலறையை ஒட்டிப் போட்ட கட்டிலில் ஆறு வயதுப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். பின்னிரவு ஒன்று ஐம்பது. டிசம்பர். ஊரிலிருந்து பதினோரு மைல்... மூடிப்போன செம்புச் சுரங்கத்தைத் தாண்டினால் ஒரு சரளைச் சாலை. அந்தச் சாலையில் இருப்பது ஒரே ஒரு வீடு. அதற்கப்பால் காடு. வெளியே பனி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

வெர்னா கதையை இப்படித்தான் தொடங்கினார்.

"என் சிநேகிதி மார்லிஸோட நாத்தனாருக்கு நடந்தது" என்றார். சிநேகிதியின் நாத்தனார் மனதுக்குள் நினைத்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எங்களில் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

நாங்கள் நான்கு பேர். குழந்தைகள் மருத்துவமனைக்குப் பின்புறம், வெளியூரிலிருந்து வரும் பெற்றோர் தங்குவதற்காக நடக்கும் விடுதி. அதன் சமையலறை. பெரிய ஏரியிலிருந்து எழுந்த புயல் மாலையிலேயே சாலைகளை மூடிவிட்டது. தன்னார்வலர்கள் யாரும் வீட்டுக்குப் போக முடியவில்லை. மின்சாரமும் போனது. ஜெனரேட்டர் மாடிக்கு மட்டும்தான் ஓடும். அங்கே குழந்தைகளின் இயந்திரங்கள் இருக்கின்றன. நாங்கள் கீழே கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, அதைச் சுற்றி நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டோம். டூயேன் கொண்டுவந்த, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பாஸ்டிகளை அடுப்பின் மேலேயே சுடவைத்துத் தின்றோம். காஸி தன்னுடையதில் குழம்பை ஊற்றினாள்.

"தாயே, பாஸ்டி மேல குழம்பா?" என்றார் டூயேன். முப்பது வருடம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். "பாலத்துக்குத் தெற்க இருந்து வந்த வெளியூர்க்காரின்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

"நீங்க கெச்சப்ப வச்சு அபிஷேகம் பண்றீங்களே, அது மட்டும் நல்லாருக்கா?"

"அது எங்க உரிமை."

சிரித்தோம். வெர்னா சிரிக்கவில்லை. அவர் சுவரில் மாட்டியிருக்கும் தொலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்களில் மூத்தவர் அவர்தான், அறுபத்தெட்டு. வழக்கம்போல் இடது கையால் கோப்பையைப் பிடித்திருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. மூட்டுவலி என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அன்று மாலை அவர் காஸியின் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கியிருந்தார். காரணம் இதுதான். இங்கே ஒரு வழக்கம் உண்டு. பெற்றோரிடமிருந்து குழந்தையை ஐந்தே நிமிடத்துக்கு வாங்கினாலும், வாங்குபவர் "புள்ள எங்கிட்ட" என்று சொல்ல வேண்டும். கொடுப்பவர் "புள்ள உங்ககிட்ட" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பித் தரும்போதும் அப்படியே. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் பார்த்துக்கொள்கிறார் என்று இவரும், இவர் பார்த்துக்கொள்கிறார் என்று அவரும் நினைக்கிற அரை நிமிடத்தில்தான் குழாய் பிடுங்கப்படும், மூச்சு அடைக்கும். அன்று மாலை எட்டு மாதக் குழந்தையின் தாய் குளிக்கப் போயிருந்தாள். குளியலறைக்குள்ளிருந்து "எங்கிட்ட" என்ற சொல் கேட்டது. காஸி கதவுக்கு வெளியே நின்றபடியே "புள்ள உங்ககிட்ட" என்றாள். குழந்தையைக் கட்டிலில் விட்டுவிட்டுக் கீழே வந்துவிட்டாள். உள்ளே அந்தப் பெண் போனில் தன் அக்காவோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். குழந்தை நான்கு நிமிடம் தனியாகக் கிடந்தது.

"ஒண்ணும் ஆகலையே" என்றாள் காஸி, சிவந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு. "கதவுக்குப் பின்னாடி இருந்தவங்க அவங்கதான்னு தெரியுமே. முகத்தப் பாத்தே ஆகணும்னு என்ன சட்டம்?"

வெர்னா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஆர்டித்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

ஆர்டித்துக்கு அப்போது நாற்பத்திரண்டு. பள்ளிச் சமையலறையில் வேலை. குழந்தை இல்லை. நோயுற்ற குழந்தை இருக்கிற வீடுகளுக்கு மாதத்தில் இரண்டு இரவு போய் உட்காருவாள். பெற்றோர் தூங்க வேண்டுமே, அதற்காக. மருந்து கொடுக்கக் கூடாது, ஊசியைத் தொடக் கூடாது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், ஏதாவது ஆனால் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பையன் பெயர் வெஸ்லி. தலைக்குள் கட்டி. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய். அதில் பால்போன்ற உணவைச் சொட்டுச் சொட்டாக இறக்குகிற பம்ப். ஈஸ்டர் வரை தாங்கலாம் என்றிருந்தார்கள். அப்பாவுக்கு ஏரியில் இரும்புத் தாது ஏற்றிப்போகிற கப்பலில் வேலை. ஏரி உறையும்வரை வீட்டுக்கு வரமாட்டார். அம்மா ரெனேவுக்கு இருபத்தொன்பது வயது. பதினாறு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. பேச ஆரம்பித்தால் பாதியில் வாக்கியம் மறந்துவிடும்.

"ஊருக்குள்ள உன் தங்கச்சி வீடு இருக்குல்ல? அங்க போய்ப் படு" என்று ஆர்டித்தான் அன்று அவளை அனுப்பினாள். "காலையில வந்தாப் போதும்."

"பனி வருதே."

"வந்தா வரட்டும். எட்டு மணி நேரம் தூங்கலன்னா நீ எனக்கு மூணாவது நோயாளி ஆயிடுவ."

"ரெண்டாவது யாரு?"

"நான்தான். உன் காபியக் குடிச்சேன்ல."

ரெனே சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து ஆர்டித் பார்த்தது அந்த ஒரு முறைதான். பையனை முத்தமிட்டாள். அங்கேயும் இதே வழக்கம்தான். ஆர்டித் சொன்னாள், புள்ள எங்கிட்ட. ரெனே சொன்னாள், புள்ள உங்ககிட்ட. கண்ணைப் பார்த்துத்தான். பிக்கப் வண்டியின் சிவப்பு விளக்கு மரங்களுக்குள் போய் மறைந்தது.

பையன் தூக்கத்தில் ஆர்டித்தின் விரலைப் பிடித்துக்கொள்வான். ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் அவளை "அம்மா" என்றும் கூப்பிட்டிருக்கிறான். அவள் திருத்தவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்த ஒரு சொல்லை வீட்டுக்கு எடுத்துப்போய், பல இரவுகள் அதை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். இதையும் வெர்னா சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி சுவர்த் தொலைபேசியைப் பார்த்தார்.

இரண்டு மணி பத்து நிமிடம். தொலைபேசி அடித்தது.

"ஆர்டித்... நான்தான்."

களைத்த குரல். பின்னால் ஏதோ ஒரு சத்தம். டிக்... டிக்... டிக்...

"என்னம்மா, தூங்கலையா நீ?"

"தூக்கம் வரல. வந்துட்டேன்... புள்ள எங்கிட்ட. நீங்க கெளம்புங்க."

ஆர்டித்தின் இடுப்பு வலித்தது. கண் எரிந்தது. வீட்டில் கட்டிலும் கம்பளியும் காத்திருந்தன.

"புள்ள உன்கிட்ட" என்றாள்.

போனை வைத்தாள். கோட்டைப் போட்டாள். ஒரு காலில் பூட்ஸை மாட்டினாள்... இரண்டாவது பூட்ஸ் கையில் இருக்கும்போது நின்றுவிட்டாள்.

இருபத்தாறு வருடம் முந்தைய கதை இது. பையில் போன் வைத்துக்கொண்டு யாரும் திரியாத காலம். ஊரிலிருந்து அந்த வீடு வரை பதினோரு மைலில் வேறு தொலைபேசி கிடையாது. ஒரு கடைகூடக் கிடையாது.

வந்துவிட்டேன் என்றால்... எங்கிருந்து பேசினாள்?

டிக்... டிக்... டிக்... போனை வைத்த பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. அது வண்டி இண்டிகேட்டரின் சத்தம். சமையலறைக் கதவுக்கு வெளியே கேட்டது. ஆனால் வெளிச்சம் இல்லை. இன்ஜின் ஓசை இல்லை. பனியில் காலடி வைத்தால் நொறுங்குமே, அதுவும் இல்லை.

பிறகு வாடை வந்தது. முதலில் பெட்ரோல். அடுத்து நனைந்த கம்பளி. அப்புறம் ஓர் இனிப்பு வாடை... குளிர்காலத்தில் ரேடியேட்டரில் ஊற்றுவார்களே பச்சைத் திரவம், அது சூடாகிக் கொட்டினால் வருகிற இனிப்பு.

கட்டிலில் பையன் கண்ணைத் திறந்தான். "அம்மா வந்தாச்சு" என்றான்.

கதவு உள்பக்கமாக வெடித்துத் திறந்தது.

தாழ்ப்பாள் பிய்ந்து ஆர்டித்தின் கன்னத்தில் அடித்தது. பனி உள்ளே கொட்டியது. வாசலில் யாரும் இல்லை. ஆனால் பக்கத்து ஜன்னலின் கண்ணாடி உடைந்து, ஒரு கை உள்ளே வந்தது. பெண்ணின் கை. கல்யாண மோதிரம் போட்ட கை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

"நானும் சொல்லிட்டேன், நீங்களும் சொல்லிட்டீங்க" என்றது குரல். அதில் கோபமே இல்லை. அதுதான் பயங்கரம். வேலை முடிந்து, பொருளை வாங்கிக்கொண்டு போக வந்தவளின் குரல். "கொடுங்க."

ஆர்டித்தின் முடியைப் பிடித்து எதுவோ இழுத்தது. ஃபிரிட்ஜின் மூலையில் அவள் நெற்றி மோதியது. ஒரு முறை. மறுபடி ஒரு முறை. வாயில் இரும்புச் சுவை. மூன்றாவது மோதலில் ஒரு பல் நாக்கின் மேல் உருண்டது. எழுந்தாள். கட்டிலை நோக்கி ஓடினாள். சக்கரம் வைத்த மருத்துவமனைக் கட்டில் அது. சக்கரங்களின் பூட்டு ஒவ்வொன்றாகத் தெறித்தது... டக்... டக்... கட்டில் தானாகவே வாசலை நோக்கி நகர்ந்தது. பையனின் உடல் போர்வையிலிருந்து தூக்கப்பட்டது. யாரோ ஒரு பக்கம் தோளைப் பிடித்து இழுப்பதுபோல. குழாய் மூக்கிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. பம்ப் தரையில் விழுந்து கத்தியது.

ஆர்டித் அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க!" என்று அலறினான் பையன். அவன் அலறியது அவளைப் பார்த்து. "எங்கம்மா! விடுங்க! அம்மா!" நல்ல காலால் அவள் வயிற்றில் உதைத்தான். அவள் கையைக் கடித்தான். எலும்பு தட்டுகிறவரை கடித்தான். அவள் விடவில்லை. பையனை இடது கைக்கு மாற்றி, கடிபட்ட வலது கையால் வாசல் நிலையைப் பற்றினாள். ஒரு கையில் பையன், ஒரு கையில் நிலை. கதவு நிலையைப் பற்றிய கையின் மேல் அறைந்து மூடியது. திறந்தது. மறுபடி அறைந்தது. இரண்டு விரல்கள் ஒடிந்த சத்தம் பையனின் அலறலுக்கு நடுவிலும் அவளுக்குக் கேட்டது.

"அது கணக்கில்ல!" என்று கத்தினாள். "நான் முகத்தப் பாக்காம சொன்னது... அது கணக்கில்ல ரெனே!"

எல்லாம் நின்றது.

பனி மட்டும் உள்ளே வந்துகொண்டிருந்தது. டிக்... டிக்... டிக்...

"சரி" என்றது குரல். "அப்ப முகத்தப் பாருங்க."

இந்த இடத்தில் டூயேன் பாஸ்டித் தட்டைக் கீழே வைத்தார். காஸி என் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது.

"பாத்தாளா?" என்றாள் காஸி.

"பாத்தா" என்றார் வெர்னா.

அந்த முகத்தை அவர் நீட்டி விவரிக்கவில்லை. ஸ்டியரிங் வளையம் மோதி நெற்றியிலிருந்து தாடைவரை உள்ளே அமுங்கியிருந்தது என்றார். ஒரு கண் மட்டும் முன்போலவே இருந்தது, அதில் தூக்கம் நிறைந்திருந்தது என்றார். அவ்வளவுதான்.

அந்த முகம் ஆர்டித்தின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, முறைப்படி, நிதானமாகச் சொன்னது: "புள்ள எங்கிட்ட."

திருப்பிச் சொல்ல வேண்டியது இரண்டே சொல். சொன்னால் வலி நிற்கும். பையன் அழுகையை நிறுத்துவான். அவன் கேட்பதும் அதைத்தான். அவனுக்கு மிச்சம் இருப்பது ஈஸ்டர் வரை, ஊசியும் வாந்தியும். கேட்பவளோ பெற்றவள். நான் யார்? இந்தக் கையை நான் விடாமல் வைத்திருப்பது இவனுக்காகவா... ஒருநாள் தூக்கத்தில் என்னை அம்மா என்று கூப்பிட்டானே, அதற்காகவா?

பதில் தெரியாமலேயே ஆர்டித் சொன்னாள்: "இல்ல. எங்கிட்டதான்."

அப்புறம் விடிகிறவரை அடி. விலா எலும்பு. தோள்மூட்டு. ஒவ்வொரு அடிக்கும் இடையில் அதே இரண்டு சொல், அதே களைத்த குரலில். ஒவ்வொரு முறையும் அதே பதில். கடைசியில் அவளுக்குக் குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

காலை ஆறே முக்காலுக்குப் பனி ஒதுக்கும் வண்டிக்காரன் பிய்ந்த கதவு தொங்கிய வாசலில் வந்து நின்றான். செய்தி சொல்ல வந்தவன். ஏழாவது மைலில் பள்ளத்தில் பிக்கப் தலைகீழாகக் கிடக்கிறது... உள்ளே ரெனே... வண்டியின் கடிகாரம் ஒன்று முப்பத்தைந்தில் நின்றிருக்கிறது... இடது இண்டிகேட்டர் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குத் திரும்புகிற பக்கம்.

ஷெரிஃப் மூன்று வாரம் ஆர்டித்தை விசாரித்தார். தூக்கம் கெட்டுப் புத்தி பிசகி அவளே எல்லாவற்றையும் உடைத்தாள் என்றுதான் நினைத்தார். வீட்டைச் சுற்றிப் பனியில் ஒரு காலடிகூட இல்லையே. அன்று காலையே மருத்துவமனையில் பையனை எடுத்திருந்த படங்களைப் பார்த்த பிறகு விசாரணை நின்றது. வலது கையில் ஆர்டித்தின் விரல் தடங்கள். இடது தோளில் வேறு ஒரு கையின் தடங்கள். அதைவிடச் சின்ன கை. ஒரு விரலில் மோதிரம் பதிந்த வடு.

"அந்தப் பையன்?" என்று கேட்டேன்.

"இருக்கான்" என்றார் வெர்னா. "ஈஸ்டர் வரைக்கும்னாங்க. அப்புறம் இருபத்தாறு ஈஸ்டர் போயிருச்சு. டாக்டருங்களுக்கே புரியல. கோல் ஊனித்தான் நடப்பான். மாசத்துக்கு ரெண்டு தடவ வலிப்பு வரும். பதினேழு வயசுல ஒருநாள் ஆர்டித்தத் தேடி வந்தான். உள்ள வரல, படியிலயே நின்னான். 'எங்கம்மாகிட்ட ஏன் என்ன விடல?'ன்னு கேட்டான்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. போயிட்டான். திரும்ப வரல."

அடுப்பின் நீலச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஜன்னல்கள் எல்லாம் மூடித்தான் இருந்தன.

"அவ... அந்த அம்மா... அத்தோட போயிட்டாளா?" என்றாள் காஸி.

"வருஷத்துக்கு ஒரு தடவ போன் பண்ணுவா. அதே தேதி. ஆர்டித் எங்க இருந்தாலும் சரி, பக்கத்துல எந்த போன் இருக்கோ அது அடிக்கும்."

"எடுக்காம விட்டா?"

"விட முடியாது. பதில் சொல்லலன்னா சம்மதம்னு ஆயிடும்ல?"

"என்னைக்கி அந்தத் தேதி?" என்றார் டூயேன். கேலியாகக் கேட்கத்தான் நினைத்திருப்பார். குரல் அப்படி வரவில்லை.

வெர்னா கைக்கடிகாரத்தை அடுப்பு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

சுவர்த் தொலைபேசி அடித்தது.

பழைய கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் வேண்டாம், அது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் யாரும் அசையவில்லை. வெர்னா எழுந்தார். கூப்பிடுவார்கள் என்று முன்பே தெரிந்தவர்போல, அவசரமில்லாமல் நடந்துபோய், இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார். மடங்காத இரண்டு விரல்கள் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கையின் புறத்தில், எலும்புக்கு மேலே, அரைவட்டமாக ஒரு பழைய தழும்பு. சின்னப் பற்களின் தழும்பு. இத்தனை வருடமும் அதை நாங்கள் பார்த்ததே இல்லை.

அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் ரிசீவருக்குள் கேட்டது எங்களுக்கும் கேட்டது. டிக்... டிக்... டிக்...

"ஆர்டித்" என்றது ஒரு பெண்குரல்.

எங்கள் வெர்னாவை அந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டதில்லை.

"போதும் ஆர்டித். அவன் ரொம்பக் களச்சுப் போயிட்டான். நானும்தான்... புள்ள எங்கிட்ட."

ரேடியேட்டர் திரவத்தின் இனிப்பு வாடை சமையலறை முழுக்கப் பரவியது. மாடியில் எங்கோ ஒரு குழந்தை விழித்து முனகி, மறுபடி அடங்கியது. வெர்னா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, அந்தப் பக்கம் இருப்பவளின் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும் என்பதுபோல, மெல்லத் திறந்தார்.

"இல்லம்மா" என்றார், தூங்குகிற குழந்தை எழுந்துவிடாதபடி பேசுகிற குரலில். "எங்கிட்டதான்."